கதவுக்குப் பதினொரு டொலர்

யாராவது கடைக்குள் வந்து கதவை முழுதாகச் சாத்தாமல் விலை கேட்டால் அக்கா பதில் சொல்லமாட்டார். காதில் விழாதவர் போல ஏதாவது ஒரு பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டிருப்பார். வந்தவர் இன்னொரு தரம் கேட்பார். அக்கா அவரைத் தாண்டிக் கதவைப் பார்ப்பார். அவரும் திரும்பிப் பார்த்து, விளங்கி, போய்ச் சாத்திவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் விலை வரும். வெள்ளைக்காரர், சீனர், எங்கட ஆட்கள் என்ற வித்தியாசம் அதில் கிடையாது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. கடைப் பலகையிலும் அவர் தன் பெயரை வைக்கவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், அஜின்கோர்ட் பகுதியில் வரிசைக் கடைகள் கொண்ட ஒரு பிளாசாவில், உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் வரிக்கணக்கு எழுதும் கந்தோருக்கும் நடுவில் ஒடுங்கலாக இருந்தது அந்தக் கடை. சிகரெட், சுருட்டு, பைப், சீஷா என்கிற புகைக் குடுவை, அதற்குக் கரி, லைட்டர், சுருட்டும் தாள் எல்லாம் இருக்கும். பால், பாண் எதுவும் கிடையாது. தனியாக இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இப்படியொரு கடை நடத்துவதைப் பற்றிச் சனம் கதைத்தது. அக்கா வாழ்நாளில் ஒரு சிகரெட் பற்றவைத்தவர் இல்லை. வீட்டுக்குப் போனதும் தலைமுடியில் புகையிலை மணக்கிறது என்று இரண்டு தரம் முழுகுவார்.

யுத்தம் முடிந்த வருடமும் அதற்கு முந்திய வருடமும் நான் அங்கே வேலை செய்தேன். காலையில் கடை திறக்கிறதிலிருந்து மதியம் ஒரு மணி வரை. எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. யாரோடும் முகம் பார்த்துக் கதைக்கக் கூச்சம். சாமானின் விலையைச் சொல்லும்போது என் குரல் தானாக இறங்கிவிடும்.

"நீர் விலை சொல்லேக்க மன்னிப்புக் கேக்கிற மாதிரிக் கிடக்கு" என்பார் அக்கா. "ஆறு டொலர் எண்டா ஆறு டொலர். ஏன் ஆறு எண்டு எங்களுக்குத் தெரியும். பிறகேன் குனியிறீர்?"

உண்மையில் அவருக்குத் தெரியும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தாள் வைத்திருந்தார். இடது பக்கத்தில் செலவுகள். வலது பக்கத்தில் அந்தச் செலவைச் சுமக்கிற சாமான். வாடகையைப் பைப்பும் சீஷாவும் சுமந்தன. காப்புறுதியை லைட்டர் சுமந்தது. மின்சாரத்தைச் சுருட்டும் தாள். கார்ட் மெஷினைச் சுருட்டு. பிளாசாவில் பனி தள்ளுவதற்கு எங்கள் பங்காக வாங்குகிற காசைச் சீஷாக் கரி சுமந்தது. புதிதாக ஒரு பில் வந்தால் அக்கா அதை விரித்துவைத்துக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"உது ஆர் சுமக்கிறது?"

ஏதாவது ஒரு சாமானின் விலையில் ஐந்து சதமோ பத்துச் சதமோ ஏறும். எதுவும் சுமக்காவிட்டால் அந்தச் செலவு கடைக்குத் தேவையில்லை என்று அர்த்தம். நாங்கள் ஒரு வருடம் வெளிப்பலகையின் விளக்கை அணைத்துவைத்திருந்தது அப்படித்தான்.

மாதச் செலவு முழுவதையும் கூட்டி, கடை திறந்திருக்கிற மணித்தியாலங்களால் பிரித்துவைத்திருந்தார். மணிக்குப் பதினொரு டொலர். என் சம்பளம் அதில் சேர்த்தியில்லை. ஒருவரும் வராவிட்டாலும், ஒன்றும் விற்காவிட்டாலும், கதவு திறந்திருப்பதற்கு மட்டும் பதினொரு டொலர்.

"ஒரு பெட்டி சிகரெட்டில எங்களுக்கு அறுபது சதம்" என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். "பத்தொன்பது பெட்டி வித்தாத்தான் கதவு ஒரு மணித்தியாலம் திறந்திருக்கும். அதுவும் ஒருத்தரும் கார்டைத் தேய்க்காட்டி. சிகரெட் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும், காசைக் கொண்டுவராது."

தினமும் வருகிற ஒரு அண்ணை இருந்தார். முன்பு ரக்சி ஓடியவர், ஓய்வெடுத்துவிட்டார். மாதம் ஒரு லைட்டர் வாங்குவார். மற்றபடி ரேடியோவுக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் நிற்பார்.

"தங்கச்சி, நான் நிண்டதுக்கும் பில் போடுவியோ?" என்று கேட்பார்.

"போட்டா நீங்கள் வீட்டை வித்துத்தான் கட்டவேணும் அண்ணை."

"வீடு வங்கியின்ர. நீயும் வங்கியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கோ."

அக்கா சிரிப்பதை நான் பார்த்தது பெரும்பாலும் அவரோடுதான்.

இப்படிக் கணக்குப் பார்க்கிறவர் காலை ஏழு மணிக்குக் கடை திறந்தார். பக்கத்துக் கடைகள் பத்துக்குத்தான் திறக்கும். சிகரெட் வாங்குகிறவர்கள் காலையில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலுள்ள பெற்றோல் நிலையத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து மணி வரைக்கும் நாலு பேர் வந்தால் அதிகம். மூன்று மணித்தியாலம், முப்பத்துமூன்று டொலர். அக்காவின் தாளிலும் அது இருந்தது. இடது பக்கத்தில் கடைசி வரியாக 'காலமை 7 - 10' என்று எழுதியிருந்தார். வலது பக்கம் வெறுமையாக இருந்தது. கடையில் ஒரு சாமானும் அதைச் சுமக்கவில்லை. தன்னுடைய மாதச் சம்பளத்தில் அதைக் கழித்துக்கொண்டார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

காரணம் அவருடைய தம்பி. வன்னியில் இருந்தான். இவர்கள் இரண்டே பேர்தான் பிள்ளைகள். சமாதான காலத்தில் அக்கா ஊருக்குப் போனபோது கடையின் விளம்பர லைட்டர் இரண்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதில் கடையின் தொலைபேசி இலக்கம் அச்சடித்திருக்கும். பிறகு அக்கா இரண்டு தரம் வீடு மாறினார். கைப்போன் இலக்கமும் மாறியது. தம்பியிடம் மிஞ்சியிருந்தது லைட்டரில் இருந்த இலக்கம் மட்டும்தான். யுத்தம் முடிந்த அந்த வருடம் ஜனவரியில் கடைசியாகப் போன் எடுத்தான். யாரோ ஒருவரின் செற்றலைட் போனுக்கு வரிசையில் நின்று எடுத்தானாம். நானும் பக்கத்தில் நின்றேன். அக்கா ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்திருந்ததால் அவன் குரல் எனக்கும் கேட்டது.

"லைட்டர் காஞ்சுபோச்சு அக்கா. ஆனா நம்பர் கிடக்கு. இனி ஏலுமெண்டா பின்னேரத்திலதான் எடுப்பன். உங்களுக்கு அப்ப காலமை."

அன்றிலிருந்துதான் ஏழு மணி. அதற்குப் பிறகு கடைப் போனிலிருந்து ஒருவரும் வெளியே அழைக்கக்கூடாது. சாமான் ஓடர் பண்ணுவதென்றாலும் கைப்போனில்தான். இலக்கத்தைக் கைப்போனுக்கு மாற்றலாம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா அதை முன்னமே விசாரித்திருந்தார்.

"மாத்தேக்க சில மணித்தியாலம் லைன் இராது எண்டு ஒருத்தன் சொல்லுறான். மற்றவன் ரெண்டு நாள் எண்டுறான். அந்த ரெண்டு நாளில அவன் எடுத்தா?"

பதிவு மெஷினில் இருந்த ஆங்கில வரவேற்பையும் அழித்துவிட்டார். அதற்குப் பதிலாகத் தமிழில் பேசிவைத்தார். "அக்காதான். கதை. எங்கை நிக்கிறாய் எண்டு மட்டும் சொல்லு." சாமான் தருகிற கொம்பனிக்காரர்கள் பிழையான இலக்கம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். ஒருமுறை கரி வந்துசேராமல் நாங்கள் ஒரு கிழமை திண்டாடினோம்.

அந்த மாசி மாதத்தில்தான் ஒரு விற்பனைக்காரன் மின்சாரச் சிகரெட் கொண்டுவந்தான். நாங்கள் அதற்கு முன்பு அதைக் கண்டதில்லை. பேனை மாதிரி ஒரு பற்றரி, ஒரு சார்ஜர், நிக்கொட்டின் இல்லாத மணத் திரவம் அடைத்த குப்பிகள். இழுத்தால் ஆவி வரும். நாற்பத்திரண்டு டொலருக்குத் தருவேன், தொண்ணூற்றொன்பதுக்கு விற்கலாம் என்றான். அக்கா பேரம் பேசவில்லை. என்னைக் காட்டி, இவ சாமான் வாங்க வந்த ஆள் எண்டு நினை, இவவுக்கு விளங்கப்படுத்து என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவன் விளங்கப்படுத்தினான். நான் வெட்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் போனபிறகு சொன்னார், "இருபத்தைஞ்சு நிமிசம். ஒண்டுமே கேக்காத உமக்கே இருபத்தைஞ்சு நிமிசம். கதவுக்கு நாலரை, உம்மட சம்பளம் நாலு. பத்தில ஒண்டு பழுதாகித் திரும்பி வரும், அதுக்கும் நாலு."

ஐம்பத்தொன்பது டொலர் என்று சீட்டு ஒட்டினார். பக்கத்துப் பிளாசாவில் அதையே தொண்ணூறுக்கு விற்றார்கள்.

"ஏனக்கா இவ்வளவு குறைச்சு?"

"உதை ஒருக்காத்தான் வாங்குவினம். குப்பிக்குக் கிழமைக்குக் கிழமை வருவினம். வரேக்க குப்பி கதவைச் சுமக்கட்டும்."

குப்பிக்கு அவர் போட்ட விலையைப் பார்த்து எனக்கு மறுபடியும் குரல் இறங்கிவிட்டது.

பங்குனிக்குப் பிறகு கடைக்குள் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வாங்க வருகிறவர்கள் அல்ல. ரக்சி அண்ணையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் அங்கே யாரோ இருந்தார்கள். தங்களுக்குள் இடங்களின் பெயரை மட்டும் சொல்லுவார்கள். நேற்றுச் சொன்ன பெயர் இன்றைக்கு இராது. அக்கா ஒருவரையும் போகச் சொல்லவில்லை. "நிக்கிறது நில்லுங்கோ, கதவடியில நிக்காதேங்கோ, றோட்டுச் சத்தத்தில போன் கேக்காது" என்பதோடு சரி. தொலைபேசி அடித்தால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். அக்கா நடந்துபோய் எடுப்பார். கடன் அட்டை வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லி வைப்பார். பேச்சு மெதுவாக மறுபடி தொடங்கும்.

கடையின் ஐந்து வருட ஒப்பந்தம் அந்த ஆனியோடு முடிய இருந்தது. தொடர்ந்து வேண்டுமென்றால் சித்திரை முடிவதற்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ஒரு மாத வாடகையாவது பிந்தியிருந்தால் அந்த உரிமை போய்விடும். பிளாசா முதலாளி வாடகையை மாதம் நானூறு டொலர் ஏற்றிக் கேட்டிருந்தார். அக்கா இரண்டு நாளாகத் தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"கணக்குச் சரிவருமோ அக்கா?" என்று கேட்டேன்.

"வராது."

"அப்ப?"

"அப்ப என்ன. கடை போனா போன் எங்கை அடிக்கும்?"

கடிதத்தைக் கையிலேயே கொடுப்பதற்காக ஒருநாள் காலை கிளம்பினார். போகும்போது சாவியை மேசையில் வைத்தார். "நான் வருமட்டும் பூட்டாதையும்" என்றார். ஏனென்று சொல்லத் தேவை இருக்கவில்லை.

அன்றைக்குப் போரை நிறுத்தச் சொல்லி டவுன்டவுனில் றோட்டில் நிற்பதற்குச் சனம் போய்க்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு ஒரு பள்ளிக்கூட பஸ் பிளாசாவுக்குள் வந்து நின்றது. பிளாசாவில் இருந்த எங்கட ஆட்களின் கடைகளில் அன்றைக்குத் திறப்பதில்லை என்று முதல்நாளே தாள் ஒட்டியிருந்தார்கள். எங்கள் கடையில் மட்டும் வெளிச்சம். பஸ்ஸில் இருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ரக்சி அண்ணை இறங்கி வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார்.

"வா பிள்ளை. ஒவ்வொரு தலையும் கணக்கு இண்டைக்கு."

"அக்கா பூட்டவேண்டாம் எண்டவ."

"ஒரு நாள்தானே. போன் வந்தா மெஷின் எடுக்கும்தானே. ரெண்டு மாசமா அங்கையிருந்து ஆருக்கு வந்தது?"

அவருடைய பெறாமக்கள், கூடப்பிறந்தவரின் பிள்ளைகள், மூன்று பேர் வன்னியில் இருந்தார்கள். அண்ணை முகம் சவரம் செய்து எத்தனை நாளோ. பஸ்ஸிலிருந்து ஒரு பெண், "அவை வரமாட்டினம் அண்ணை, அவைக்கு யாவாரம்" என்று கத்தியது கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது. எல்லோரும் பார்க்க, வரவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளேயே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. பூட்டிவிட்டு ஏறினேன். கூச்சம்தான் காரணம். நாட்டுக்காகப் போனேன் என்று யாரிடமும் சொல்ல எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை.

பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பினேன். அக்கா பதினொரு மணிக்கு வந்து தன்னிடமிருந்த மற்றச் சாவியால் திறந்திருக்கிறார். கடிதம் கொடுத்தாகிவிட்டது, ஒப்பந்தம் தொடரும் என்றார். பிறகு மெஷினின் பொத்தானை அமர்த்தினார்.

எட்டு நாற்பதுக்கு ஒரு அழைப்பு. அக்காவின் குரல், எங்கை நிக்கிறாய் எண்டு மட்டும் சொல்லு என்கிறது. பிறகு பதினான்கு விநாடி. காற்று மாதிரி ஒரு இரைச்சல். தூரத்தில் யாரோ வேறு யாருக்கோ ஏதோ சொல்கிறார்கள். என்ன மொழியென்றே பிடிபடவில்லை. அவ்வளவுதான். இலக்கம் விழவில்லை.

"கடன் அட்டைக்காரராயும் இருக்கலாம்" என்றார் அக்கா. "அவங்களுக்கும் உப்பிடித்தான் இரைச்சல் கேக்கும்."

அவர் சொன்னது எனக்காக. நான் அழுதேனா என்று நினைவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வாங்குகிறவர்கள் இல்லாத நேரத்தில் அக்கா அதைப் போட்டுக் கேட்பார். ரக்சி அண்ணையும் நின்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரும்போது கதவை மிக மெதுவாகச் சாத்தப் பழகிக்கொண்டார். மாதத்துக்கு ஒரு லைட்டர் என்பது கிழமைக்கு ஒன்றாகியது.

வெள்ளிக்கிழமை சம்பள உறை தந்தார். நான் வேலை செய்யாத ஐந்து மணித்தியாலமும் சரியாகக் குறைந்திருந்தது. வேறு எதுவும் குறையவில்லை.

"கடை பூட்டியிருந்த மூண்டு மணித்தியாலத்துக்கும் பிடியுங்கோ அக்கா" என்றேன். "முப்பத்துமூண்டு டொலர்."

அவர் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது உம்மால சுமக்கேலாது. விடும்."

வைகாசியில் ஒரு காலை எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அக்கா ஏழு மணிக்குக் கடை திறந்தார். வந்தவர்கள் வழக்கம்போல நின்றார்கள். ரேடியோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தது, ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அன்றைக்குக் கதவு அரைவாசி திறந்தபடி நாள் முழுக்கக் கிடந்தது. ஒரு வெள்ளைக்காரர் வாசலில் நின்றபடியே சுருட்டின் விலை கேட்டார். அக்கா சொன்னார்.

அதற்குப் பிறகும் ஏழு மணிக்குத்தான் திறந்தோம். முகாம்களில் இருந்து மற்றவர்களுக்கு அழைப்பு வரத் தொடங்கியது. ரக்சி அண்ணையின் மூன்று பெறாமக்களில் ஒருத்தி எடுத்தாள். எங்கள் போன் கடன் அட்டைக்காரருக்கு மட்டும் அடித்தது. அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் குடும்பம் அஜக்ஸ் நகரில் வீடு வாங்கிப் போய்விட்டது. தூரம் என்று சொல்லி வேலையை விட்டேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. போன மார்கழியில் அஜின்கோர்ட்டில் ஒரு பல் வைத்தியரிடம் போகவேண்டி வந்தது. கால் என்னை அந்தப் பிளாசாவுக்குக் கொண்டுபோனது. கடை இப்போது முழுக்க மின்சாரச் சிகரெட் விற்கிற வேப் கடை. ஊதாநிற வெளிச்சம், சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் போத்தல்கள். ஆனால் பலகையில் அதே தொலைபேசி இலக்கம். உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க எங்கட பெடியன் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் படத்தைக் கல்லாப்பெட்டியில் ஒட்டிவைத்திருந்தார். நான் முன்பு இங்கே வேலை செய்தவள் என்று சொன்னேன்.

"ஓ, அந்த அன்ரியோடயோ?" என்றார். "ஷீ இஸ் டஃப், அன்ரி. கடையை விக்கேக்க எட்டாயிரம் குறைச்சுத் தந்தவ. எல்லாம் போனுக்காக. நம்பரை மாத்தக்கூடாது, நாங்கள் அதில கோல் பண்ணக்கூடாது, வொய்ஸ்மெயிலை அழிக்கக்கூடாது. ஆரோ அவவின்ர பிரதர் எடுப்பாராம். காலமை ஏழுக்குத் திற எண்டவ. எனக்குப் பிள்ளையளை ஸ்கூலுக்கு விடவேணும், ஏலாது எண்டன். எட்டுக்குத்தான் ஒத்துக்கொண்டவ."

தான் போட்ட விலையை அக்கா குறைத்ததாக நான் கேள்விப்பட்டது அது ஒருதரம்தான்.

வியாபாரம் எப்படி என்று கேட்டேன். கையை விரித்தார். "வந்து நிண்டு ஒவ்வொரு ஃப்ளேவரா மணந்து பாப்பினம். அரை மணித்தியாலம் கேள்வி கேப்பினம். பிறகு வீட்டை போய் ஒன்லைன்ல வாங்குவினம். கதவு இல்லாதவனோட விலையில போட்டி போடேலாது, அன்ரி. இந்தப் போத்தல் ஜூஸ்தான் வாடகையைச் சுமக்குது."

அந்தச் சொல் அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

"போன் பில் நீங்கள்தான் கட்டுறீங்களோ?"

"கட்டுறன் எண்டனான். விடேல்லை. மாசம் மாசம் பஸ்ஸில வந்து காசாத் தந்திட்டுப் போவா. உம்மட சாமான் ஒண்டும் உதைச் சுமக்கத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டா."

எனக்கு வாயில் வந்துவிட்டது. யோசித்திருந்தால் வந்திராது. "இந்த மாசக் காசை நான் தரட்டோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவவைக் கேக்கோணும்" என்று சொல்லித் தன் கைப்போனை எடுத்தார். கடைப் போனைத் தொடவில்லை. "அன்ரி, இஞ்சை முந்தி உங்களோட வேலை செய்தவவாம், அஜக்ஸாம். போன் காசு தரப்போறாவாம்." கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"அக்கா" என்றேன்.

எனக்குப் பின்னால் தெருவில் ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது.

"றோட்டுச் சத்தம் கேக்குது" என்றார் அக்கா. "ஆர் கதவைத் திறந்து விட்டது?"

"நான்தான்."

"சாத்திப்போட்டு வாரும்."

போய்ச் சாத்திவிட்டு வந்தேன். போனை மறுபடி காதில் வைத்தேன்.

"ஒரு மாசத்தை நீர் சுமக்கலாம்" என்றார். "நாப்பத்தொரு டொலர் அறுபது சதம்."

விலையைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டிருந்தது.